கசந்த தண்ணியும் கரிக்குதுங்கிற பதிலும்

உப்பு தண்ணியில கரையும்னு சொல்லிக் கொடுக்கவா ஒங்களை வேலைக்கு எடுத்திருக்காங்க? அது ஒண்ணாப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புதுசா சயின்ஸ் வாத்தியாரா வந்திருக்கிற நீங்கல்லாம் போன வாரம் என் வீடு தேடி வந்து, "டீச்சர், கரைதிறன் பாடத்தை எப்படி சுவாரசியமா நடத்துறது?"ன்னு கேட்டீங்க. சுவாரசியம் வேணும்னா சர்க்கஸ்காரனைக் கூப்பிட்டுக்குங்க. எனக்கு அந்தப் பாடத்துல தெரிஞ்சது வேற. அதைச் சொல்றேன், கேளுங்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குக் கொஞ்சம் முந்தி, மீமிசல் பக்கம் கடலோரத்துல ஒரு ஹைஸ்கூல்ல நான் வேலை பாத்தேன். இப்ப புதுக்கோட்டை மாவட்டம்னு சொல்றோம். அப்ப அந்தப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. ஊர்ப் பேரு வேண்டாம். சம்பந்தப்பட்டவங்களோட பேரப் பிள்ளைங்க இன்னும் அங்கிட்டுதான் இருக்காங்க, எனக்கு எதுக்கு வீண் பொல்லாப்பு.

எனக்கு முன்னாடி அங்க இருந்த வாத்தியார் சயின்ஸ் நடத்தின அழகைச் சொல்லணுமே! "கரைபொருள், கரைப்பான், கரைசல்"னு போர்டுல எழுதிப் போட்டுட்டு நாற்காலியில சாய்ஞ்சிருவாராம். பிள்ளைங்க வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுப் பாடும். நான் போன முதல் நாள், "மஞ்சத்தூள் தண்ணியில கரையுமா?"ன்னு கேட்டேன். பிள்ளைங்க புத்தகத்தைப் புரட்டிப் பாத்துச்சுங்க. கடைசியில ஒருத்தன் எந்திரிச்சு, "அது புத்தகத்துல இல்ல டீச்சர்"ன்னான். ஸ்கூலுக்குப் பின்னாடி கண்ணுக்கெட்டின தூரம் உப்பளம். பாதிப் பிள்ளைங்க வீட்டுல அதுதான் சோறு. அந்தப் பிள்ளைங்களை உக்கார வச்சு உப்புக்கு விளக்கம் மனப்பாடம் பண்ண வச்சிருக்காரு, புண்ணியவான்.

ஆளுக்கொரு கொட்டாங்குச்சியும், வீட்டுல இருந்து ஒரு பொட்டலம் ஏதாவதும் கொண்டாரச் சொன்னேன். மறுநாள் வகுப்பு சந்தையாயிருச்சு. கல்லுப்பு வந்துச்சு, கருப்பட்டி வந்துச்சு, படிகாரம், சாம்பல், சீயக்காய் எல்லாம் வந்துச்சு. ஒருத்தன் கருவாட்டுத் துண்டைக் கொண்டாந்தான். எல்லாரும் சிரிச்சாங்க. போட்டுப் பாருடான்னேன். கருவாடு கரையலை, அதுல இருந்த உப்பு கரைஞ்சிருச்சு. நக்கிப் பாத்துட்டு, "எங்க ஆத்தா இதுக்குத்தான் ஊற வைக்குதா!"ன்னு அவனே கத்தினான். அதுக்கு மேல நான் என்னத்தைப் பாடம் நடத்த?

மஞ்சத்தூளுக்குப் பெரிய சண்டை. தண்ணி மஞ்சளாயிருச்சு, அதனால கரைஞ்சிருச்சுன்னு பாதி வகுப்பு. அப்பதான் ரகுமத்து எந்திரிச்சா. முதல் பாரம், அதான் ஆறாப்பு, படிக்கிற பிள்ளை, கத்திரிக்காய் அளவு உருவம், வாப்பா பினாங்குல கடையில இருந்தாரு. "கலங்கியிருக்கு டீச்சர், கரையலை. கலங்குனது அடியில ஒக்காந்துரும், கரைஞ்சது ஒக்காராது. வேணும்னா பெல் அடிக்கிற வரைக்கும் வச்சுப் பாப்போம்"னா. பெல் அடிக்கிறப்ப மஞ்சத்தூள் அடியில ஒக்காந்திருந்துச்சு. தோணுனதைத் தோணுன மாதிரி சொல்லுற பிள்ளை அவ. அதுக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

ஒரே ஒரு சட்டம் வச்சிருந்தேன். வீட்டு அடுப்படியில இருந்து வந்த சாமானைத்தான் ருசி பாக்கலாம். அலமாரி பாட்டில்ல இருக்கிறதை விரல்ல தொட்டாலும் முதுகுத் தோல் உரிஞ்சிரும். கடலோரத்துப் பிள்ளைங்க வெள்ளையா எதைக் கண்டாலும் நக்கிப் பாக்கும், அது அவங்க கைப்பழக்கம். அதனாலதான் அந்தச் சட்டம்.

இப்ப ஹெட்மாஸ்டருக்கு வாரேன். பிள்ளைங்களுக்கு அவர் 'பெரிய சார்'. ஜரிகைத் துண்டு, பாக்கெட்ல தங்க நிற பேனா, நடையில ஒரு மிடுக்கு. பாடம்னா என்னன்னு தெரியாது, இன்ஸ்பெக்ஷன்னா என்னன்னு நல்லாத் தெரியும். என் வகுப்பை எட்டிப் பாத்துட்டு, "இது ஸ்கூலா, சமையக்கட்டா டீச்சரம்மா?"ன்னு கேப்பாரு. அவருக்கு சயின்ஸ்னா கண்ணாடி அலமாரி. வாசலைப் பாத்து நிக்கும். சாவி அவர் இடுப்புல. பாட்டிலைத் தொடைக்கத்தான் திறப்பாரு.

இன்ஸ்பெக்டர் வாராருன்னு தாக்கீது வந்துச்சு. வர்றவருக்குத் தமிழ்ல கலைச்சொல் சொன்னா ரொம்பப் பிடிக்கும்னு யாரோ ஹெட்மாஸ்டர் காதுல ஓதிட்டாங்க. விடுவாரா? அலமாரியில இருந்த இங்கிலீஷ் லேபிளையெல்லாம் உரிச்சுட்டுத் தமிழ்ல ஒட்டச் சொல்லி டிராயிங் மாஸ்டருக்கு உத்தரவு. தமிழ்ல எழுதுறதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், நல்ல காரியம். செஞ்ச விதத்தைக் கேளுங்க. என் தங்கச்சி கல்யாணத்துக்காக நான் திருச்சி போயிருந்த சமயம், ஊருக்கே பொங்குற அண்டா ஒண்ணை வாடகைக்கு எடுத்து, எல்லா பாட்டிலையும் ஒண்ணா அதுல ஊறப் போட்டிருக்காங்க. காலையில பாத்தா லேபிளெல்லாம் மேல மிதக்குது, பாட்டிலெல்லாம் அடியில அம்மணமாக் கிடக்குது. பசை தண்ணியில கரையும்ங்கிறது மட்டும் அந்த ரெண்டு மேதைகளுக்கும் தெரிஞ்சிருக்கு.

மயில்துத்தம் நீலம், அது தப்பிச்சுக்கிச்சு. வெள்ளையா இருந்த தூளெல்லாம்? திரும்பி வந்து டிராயிங் மாஸ்டரைக் கேட்டேன். "எல்லாம் வெள்ளைதானே டீச்சர், பாட்டில் உசரத்தை வச்சு ஞாபகப்படுத்தி ஒட்டிட்டேன்"னாரு. எழுத்து என்னமோ முத்து முத்தாத்தான் இருந்துச்சு.

நேரா ஹெட்மாஸ்டர்கிட்ட போனேன். "சார், அந்த வெள்ளைத் தூள்ல ஒண்ணு பேரியம் குளோரைடு. கொடிய விஷம். பாக்க நம்ம சோத்து உப்பு மாதிரியே இருக்கும், தண்ணியிலயும் அதே மாதிரி கரையும். எது எந்த பாட்டில்ல இருக்குன்னு இப்ப யாருக்கும் தெரியாது. வெள்ளை பாட்டிலையெல்லாம் வெளிய எடுங்க, ஒவ்வொண்ணா சோதிச்சுத் தாரேன்"னேன்.

"இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் டீச்சரம்மா. இப்ப எடுத்தா அலமாரி பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்"னாரு. சாவியைக் கேட்டேன். இடுப்பைத் தடவிப் பாத்துக்கிட்டாரே ஒழிய கொடுக்கலை.

அப்புறம் ஒத்திகை. இன்ஸ்பெக்டர் முன்னாடி தானே பாடம் எடுக்கப் போறதா முடிவு பண்ணிட்டாரு. தண்ணியில உப்பைப் போட்டுக் கலக்கி, "உப்பு எங்கே போயிற்று?"ன்னு கேப்பாரு. "கரைந்துவிட்டது ஐயா, அழிந்துவிடவில்லை"ன்னு வகுப்பு சொல்லணும். "எப்படித் தெரியும்?"னு கேட்டதும் ஒரு பிள்ளை குடிச்சுப் பாத்துட்டு, "உப்புக் கரிக்கிறது ஐயா"ன்னு கணீர்னு சொல்லணும். குரல் நல்லாருக்குன்னு ரகுமத்தைப் பிடிச்சுட்டாரு. ஒத்திகையில உப்பெல்லாம் போடலை, வெறும் பச்சைத் தண்ணி. அவ ஒரு வாய் குடிச்சுட்டு, "சார், இது கரிக்கலையே"ன்னா. வகுப்பே சிரிச்சிருச்சு. அவருக்கு மூக்கு மேல கோவம். "கரிச்சாலும் கரிக்காட்டியும் கரிக்கிறதுன்னுதான் சொல்லணும். எங்கே, சொல்லு"ன்னு அவ சொல்ற வரைக்கும் நிறுத்தி வச்சாரு. நான் ஜன்னலுக்கு வெளிய நின்னு கேட்டேன். அந்தப் பிள்ளை குரல் ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிப் போனதையும் கேட்டேன்.

இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு, எங்க வீட்டுக் கல்லுப்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் மேசை மேல வச்சேன். "இதைப் போட்டுக் காமிங்க சார்"னு சொல்லிட்டும் வந்தேன். தலையை ஆட்டினாரு. "சரி, நீங்க போய் இன்ஸ்பெக்டருக்கு டிபனைக் கவனிங்க. பொம்பளைக் கை பட்டாத்தான் கேசரி நல்லாருக்கும்"னாரு. பட்டம் வாங்கி, பயிற்சி முடிச்சு, சயின்ஸ் வாத்தியாரம்மான்னு பேரும் எடுத்துட்டு, சயின்ஸ் பாடம் நடக்கிற நேரத்துல நான் முந்திரி வறுத்துக்கிட்டு இருந்தேன். எரிச்சல்ல கரண்டியைப் போட்டு இடிச்சதுல சட்டியே நெளிஞ்சிருக்கும்.

ஒரு பிள்ளை மூச்சிரைக்க ஓடியாந்து, "டீச்சர், ரகுமத்து வாந்தி எடுக்கிறா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுறா"ன்னா. அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடினேன்.

உள்ள போனா, பிள்ளை தரையில சுருண்டு கிடக்கா. ஹெட்மாஸ்டர் துண்டால விசிறிக்கிட்டு, "ஒண்ணுமில்லைங்க சார், வெயில் மயக்கம்"னு இன்ஸ்பெக்டரைச் சமாதானப்படுத்திக்கிட்டு இருக்காரு. பிள்ளையைச் சமாதானப்படுத்த ஆள் இல்ல. மேசையைப் பாத்தேன். என் பொட்டலம் கட்டுப் பிரிக்காம ஓரத்துல கிடக்கு. நடுவுல அலமாரி பாட்டில், முத்து முத்தான எழுத்துல 'சோடியம் குளோரைடு'. பக்கத்துல பாதி டம்ளர் தண்ணி. வீட்டு உப்பைப் போட்டா இன்ஸ்பெக்டர் கேவலமா நெனைப்பாருன்னு அந்த மனுஷன் பாட்டிலை எடுத்திருக்காரு.

குனிஞ்சு கேட்டேன். "எவ்வளவு குடிச்ச?"

"மொதல்ல ஒரு வாய்தான் டீச்சர். இன்ஸ்பெக்டர் சார் நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லும்மான்னாங்க. அதான் இன்னும் குடிச்சேன். ஒதடெல்லாம் மதமதன்னு இருக்கு."

"என்ன ருசி?"

பிள்ளை அந்த நிலமையிலயும் திரும்பி ஹெட்மாஸ்டர் மூஞ்சியைப் பாத்தா. "அவரை ஏன் பாக்குற? என்னையப் பாத்து நெசத்தைச் சொல்லு"ன்னேன்.

"கசந்துச்சு டீச்சர். நம்ம உப்பு இல்ல."

"பின்ன ஏன் கரிக்குதுன்னு சொன்ன?"

"பெரிய சார் அப்பிடித்தான் சொல்லணும்னாங்க."

இந்த இடத்துல நிறுத்தி ஒங்களைக் கேக்குறேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்பீங்க. ஆஸ்பத்திரி அறந்தாங்கியில. ஆவுடையார்கோவிலைத் தாண்டிப் போகணும், ரோடுங்கிற பேர்ல குண்டும் குழியும். அதுவரைக்கும் பிள்ளை தாங்குமா? பேரியம் குளோரைடு ஏன் கொல்லுது? தண்ணியில கரையுறதாலதான் கொல்லுது. கரைஞ்சா ரத்தத்துல ஏறும். அதுல பேதி உப்பைச் சேத்தா ரெண்டும் சேந்து வெள்ளையா ஒரு தூளாயிரும், அது தண்ணியில கரையாது. கரையாதது ரத்தத்துல ஏறாது, வந்த வழியே போயிரும். கரையும், கரையாது, இந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுலதான் அன்னிக்கு அந்தப் பிள்ளை உசிரு இருந்துச்சு. நீங்க அதை சுவாரசியமா நடத்தணுங்கிறீங்க.

"பேதி உப்பு வேணும், உடனே"ன்னேன். ஹெட்மாஸ்டர் அலமாரிக்கு ஓடி ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாரு. "இந்தாங்க, மக்னீசியம் சல்பேட்டு, அதானே? எழுதியிருக்கு பாருங்க"ன்னாரு. எழுதியிருக்காம்! அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "ஒங்க எழுத்தை நம்பி இன்னொரு தடவை இந்தப் பிள்ளை வாயில ஊத்தச் சொல்றீங்களா?"ன்னேன். இன்ஸ்பெக்டர் முன்னாடிதான் கேட்டேன், நல்லா உரக்கவே.

ஹெட்மாஸ்டருக்கு மலச்சிக்கல். ஸ்டாஃப் ரூமுக்கே தெரிஞ்ச ரகசியம். மருந்துக் கடையில பேதி உப்புப் பொட்டலம் வாங்கி மேசை டிராயர்ல வச்சிருப்பாரு, லீவு நாள் வந்தா குடிப்பாரு. ஓடிப்போய் டிராயரை இழுத்தேன். பாதி தீந்த பொட்டலம் இருந்துச்சு. தீந்துபோன பாதியைக் குடிச்சுட்டு அந்த மனுஷன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறாரு. எனக்கு அதைவிட நல்ல லேபிள் எதுவும் வேண்டியிருக்கலை.

ஒரு டம்ளர்ல அதைக் கரைச்சேன். பிள்ளை குடிச்சு மிச்சம் வச்ச தண்ணியில அதுல கொஞ்சம் ஊத்தினேன். பளிங்கு மாதிரி இருந்த தண்ணி பால் கணக்கா வெளுத்துப் போச்சு. சோத்து உப்பா இருந்தா அது வெளுத்திருக்காது. வகுப்பே பாத்துச்சு. இன்ஸ்பெக்டர் எந்திரிச்சு நின்னுட்டாரு. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. அது வெளுக்காமப் போயிருந்தாலும் கொடுத்துத்தான் இருப்பேன். நான் நெனைச்சது தப்புன்னா பிள்ளைக்கு நாலு தடவை வயித்தால போயிருக்கும், அவ்வளவுதான். நெனைச்சது சரியா இருந்து கொடுக்காம நின்னா பிள்ளையே போயிருக்கும். முழுசா நிச்சயமாகட்டும்னு கையைக் கட்டி நிக்கிற வாத்தியார்களை நான் எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். அவங்களுக்கெல்லாம் அறிவாளின்னு பேரு.

டம்ளரை வாயில வச்சதும் ரகுமத்து மூஞ்சியைச் சுளிச்சா. "இதுவும் கசக்குது டீச்சர்."

"கசக்கும்டி. கசக்குது கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே குடி"ன்னேன். சொல்லிக்கிட்டேதான் குடிச்சா.

அதுக்குள்ள அவ உம்மா துப்பட்டியைப் பாதி போத்திக்கிட்டு ஓடியாந்துட்டாங்க. ஹெட்மாஸ்டர் முந்திக்கிட்டாரு. "காலையில கெட்டுப்போன மீன் எதுவும் கொடுத்தீங்களா?"

"என்ன சார் சொல்றீங்க? இன்ஸ்பெக்டரு வாராரு, நான்தான் பதில் சொல்லப் போறேன்னு நீச்சத்தண்ணிகூட குடிக்காம ஓடியாந்துச்சே எம் புள்ள"ன்னு அந்தம்மா கதறினாங்க. வெறும் வயிறு, விஷம் சீக்கிரம் ஏறும். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயம் கூடிப் போச்சு.

"ஜீப்பைக் கொடுங்க சார்"னு இன்ஸ்பெக்டரைக் கேட்டேன். "டீச்சரம்மா, ஆபீஸ் வண்டி..."ன்னு ஹெட்மாஸ்டர் இழுத்தாரு. நான் பாட்டிலையும் டம்ளரையும் அவ உம்மா கையில கொடுத்துட்டு, பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டேன். இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பாத்து, போன்னு கையை ஆட்டினாரு. அன்னிக்கு அவர் பண்ணின ஒரே உருப்படியான காரியம் அதுதான். வண்டி கிளம்புறப்ப ஹெட்மாஸ்டர் ஜன்னல்கிட்ட தலையை நீட்டி, "டாக்டர்கிட்ட மீனுன்னே சொல்லிருங்க, ஸ்கூல் பேரு கெட்டுரும்"னாரு.

"கெட்டா என்ன, ஒங்க டிராயிங் மாஸ்டர் வேற பேரு எழுதி ஒட்டிருவாரு"ன்னேன்.

வழியில பிள்ளை, "டீச்சர், கையைத் தூக்க முடியலை"ன்னா. அந்த உம்மா துஆ ஓதிக்கிட்டே வந்தாங்க. நானும் எனக்குத் தெரிஞ்ச சாமி பேரையெல்லாம் சொன்னேன். வகுப்புல அதிகாரமா நின்னவ, ஜீப்புல பயந்துக்கிட்டு பிள்ளைக்கு மூச்சு வருதான்னு மூக்குல விரலை வச்சு வச்சுப் பாத்தேன், அதைச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

ஆஸ்பத்திரியில பாட்டிலையும், வெளுத்துப் போன டம்ளரையும் டாக்டர் மேசையில வச்சு, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் ரெண்டையும் பாத்தாரு. "மீனுன்னு சொல்லியிருந்தா நான் வேற வைத்தியத்துல நேரத்தைக் கழிச்சிருப்பேம்மா, பிள்ளை கை நழுவியிருக்கும்"னாரு. அன்னிக்குப் பூரா பிள்ளை பக்கத்துலயே இருந்தாரு. மறுநாள் விடிஞ்சப்ப அவ கையைத் தூக்கி உம்மா முகத்தைத் தொட்டா. நான் வராந்தாவுல போய் நின்னு நல்லா அழுதுட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வந்துச்சு. ஆய்வகம் அழகுறத் தமிழ்ப்படுத்தப்பட்டுள்ளது, மாணவர்கள் தயக்கமின்றி விடை அளிக்கிறார்கள்னு இருந்துச்சாம். ஹெட்மாஸ்டர் அதை பிரேயர்ல வாசிச்சாரு. பிள்ளைங்க கை தட்டினாங்க. பின்ன, அதுக்கும் ஒத்திகை நடந்திருக்குமே. நான் சாவியைக் கேட்டேன். இந்தத் தடவை அவுத்துக் கொடுத்தாரு. வெள்ளை பாட்டிலையெல்லாம் நானே ஒவ்வொண்ணா சோதிச்சு, தெரிஞ்சதுக்குப் பேரு எழுதினேன். தெரியாததைக் குழி தோண்டிப் புதைச்சேன். அலமாரி பல்லு விழுந்துதான் நின்னுச்சு. உள்ளே இருக்கிறதும் வெளியே எழுதியிருக்கிறதும் ஒண்ணா இருக்கிற நாலு பாட்டில் போதும் எனக்கு.

ரகுமத்து திரும்பி வந்தா. எலும்பும் தோலுமா இருந்தா. அவ வந்த அன்னிக்கே ஹெட்மாஸ்டர் என் வகுப்புக்குள்ள வந்து, பிள்ளைங்க எல்லாம் கேக்கிற மாதிரி, "என்ன ரகுமத்து, ஒடம்பு பூரணமா குணமாயிருச்சா?"ன்னாரு. என்ன பதில் வரணும்னு வகுப்புக்கே தெரியும். முன்பெஞ்சுல ஒண்ணு ரெண்டு, "ஆயிருச்சு ஐயா"ன்னு முணுமுணுக்கக்கூட ஆரம்பிச்சிருச்சு.

அவ பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. "இல்ல சார். இன்னும் வயிறு எரியுது. எழுதுனா கை நடுங்குது."

அவர் என்னைப் பாத்தாரு. நான் போர்டைத் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். "ஏம்மா, இப்பத் தேவலைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"ன்னு அவளைக் கேட்டாரு.

"தேவலையானா சொல்றேன் சார்"னு சொல்லிட்டு அவ ஒக்காந்துட்டா.